உயரமா, முற்றமா? நகர வளாகத்தில் 600 மாணவர்களுக்கு விடுதி கட்டும் முன்

சென்னை போன்ற நகரத்தின் நடுவே இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் புதிய மாணவர் விடுதி கட்ட முடிவெடுத்தால், முதல் கூட்டத்திலேயே எழும் கேள்வி “எத்தனை மாடி?” என்பதுதான். நிலம் குறைவு, மாணவர்கள் அதிகம், ஆகவே உயரமாகக் கட்டுவோம் என்ற விடையும் அதே கூட்டத்தில் கிடைத்துவிடுகிறது. இந்த வரிசை தவறு என்பது என் கருத்து. ஒரு குளியலறையையும் ஒரு வாசலையும் எத்தனை பேர் பகிர்ந்துகொள்ளப் போகிறார்கள் என்பதை முதலிலும், அறைக்குள் நுழையும் காற்று எந்த வழியாக வெளியேறும் என்பதை அடுத்தும் தீர்மானித்துவிட்டால், மாடிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வளாகத்துக்குள் ஒன்றரை ஏக்கர், அதாவது ஏறக்குறைய 6,070 சதுர மீட்டர் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 600 பேர் தங்க வேண்டும். ஓர் அறைக்கு இருவர். படிக்கட்டு, குளியலறை, தாழ்வாரம், உணவுக்கூடம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருக்கு 16 சதுர மீட்டர் என்று வைத்தால், மொத்தக் கட்டடப் பரப்பு 9,600 சதுர மீட்டர் ஆகிறது. இதற்கு மூன்று வழிகள் வழக்கமாக முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, நடுவில் தாழ்வாரமும் அதன் இரு பக்கமும் அறைகளும் கொண்ட பத்துத் தள அடுக்கு விடுதி. இன்னொன்று, இரண்டு முற்றங்களைச் சுற்றி, தாழ்வாரத்தின் ஒரு பக்கம் மட்டும் அறைகள் வரிசையாக அமையும் ஐந்து தள விடுதி. மற்றது, எதையும் கட்டாமல் வளாகத்துக்கு வெளியே தனியார் கட்டடங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவது.

குத்தகை வழியை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. புதிய கட்டடம் எழும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அது நல்ல இடைக்கால ஏற்பாடு. குடும்பத்துடன் தங்கும் ஆய்வு மாணவர்களுக்கு நிலையான ஏற்பாடாகவும் பொருந்தலாம். ஆனால் வீடாகவோ அலுவலகமாகவோ கட்டப்பட்ட கட்டடம் விடுதியாக மாறும்போது, தீப் பாதுகாப்பும் கழிவுநீர்க் குழாய்களும் அந்த எண்ணிக்கைக்குப் போதுவதில்லை. அவற்றைச் சீரமைக்கும் செலவு பல்கலைக்கழகத்தின் தலையில் விழுகிறது, பலன் கட்டட உரிமையாளருக்குப் போகிறது. இரவு பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து திரும்பும் மாணவி நகரச் சாலையில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தால், அவள் ஆய்வகத்தை விட்டு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். வளாகத்துக்குள் விடுதி வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆகவே உண்மையான ஒப்பீடு முதல் இரண்டுக்கும் இடையில்தான். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டை (நிலத்தின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2 என்று வைத்திருக்கின்றன, 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம் என்ற வகைக்குள் போகிறது, அதற்கு 3.25 வரை அனுமதி உண்டு. நம் கணக்கில் உள்ள நிலத்துக்கு 2 என்ற குறியீட்டிலேயே 12,140 சதுர மீட்டர் கட்டலாம். நமக்குத் தேவை 9,600தான். அதாவது, உயரமாகக் கட்டினால்தான் 600 பேருக்கு இடம் கிடைக்கும் என்ற வாதம் இந்த நிலத்தைப் பொறுத்தவரை எடுபடாது. தளத்துக்கு 3.2 மீட்டர் உயரம் வைத்தால் ஐந்து தளங்கள் 16 மீட்டரில் முடிந்துவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரையே உயரமான கட்டடத்தின் எல்லையாகக் கொள்வதால், தீப் பாதுகாப்பில் மட்டும் அந்தக் கடுமையான அளவையே பின்பற்றிவிடுவது நல்லது. அதனால் செலவு சற்றுக் கூடும், ஆனால் இரவில் 600 பேர் உறங்கும் இடத்தில் ஒரு மீட்டர் வித்தியாசத்தைக் காட்டி விலக்குத் தேடுவது முறையல்ல.

அடுக்கு விடுதி மிச்சப்படுத்தும் நிலம் எவ்வளவு? பத்துத் தளமானால் தரையில் 960 சதுர மீட்டர் போதும். ஐந்து தளமானால் 1,920 வேண்டும். வித்தியாசம் கால் ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. அந்தக் கால் ஏக்கர் ஒரே இடத்தில் மைதானமாகவோ தோப்பாகவோ கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. ஆனால் நடைமுறையில் அது கட்டடத்தைச் சுற்றி நான்கு பட்டைகளாகப் பிரிந்து, தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதையாகவும், ஜெனரேட்டர் மேடையாகவும், இருசக்கர வண்டி நிறுத்துமிடமாகவும் மாறிவிடுகிறது. முற்ற விடுதியில் திறந்த நிலம் நடுவில் இருக்கிறது. அதை வேறொன்றாக மாற்றிவிடுவது அவ்வளவு எளிதல்ல.

இருப்பினும் அடுக்கு விடுதியின் நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆறாம் தளத்துக்கு மேல் கொசு குறைவு, சாலைப் புழுதி குறைவு, காற்றும் கூடுதலாக வீசும். அடித்தளமும் கூரையும் சிறியவை. காவலுக்கு ஒரே வாசல் போதும். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி வளாகம் போன்ற இடத்தில், புள்ளிமானும் வெளிமானும் திரியும் மண்ணை மூடாமல் மேல்நோக்கிக் கட்டுவதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. நதிகளின் பெயர் தாங்கிய அங்குள்ள விடுதிகளில் பழையவை தாழ்வாகவும் பிற்காலத்தவை உயரமாகவும் இருப்பதைப் பார்க்கும் எவருக்கும் அந்த நெருக்கடி புரியும். என் கேள்வி உயரத்தைப் பற்றியதல்ல. உயரத்தோடு சேர்ந்து பெரும்பாலும் கேள்வி கேட்கப்படாமலே வந்துவிடும் நீண்ட தாழ்வாரத்தைப் பற்றியது.

இதை விளக்க அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் இருவரும் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக விடுதிகளில் செய்து 1977-இல் நூலாக வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இரண்டு வகை விடுதிகள் இருந்தன. ஒன்றில் நீண்ட தாழ்வாரத்தின் ஓரமாக 17 இருவர் அறைகள். 34 பேருக்கும் பொதுவாக ஒரு குளியலறையும் ஓர் ஓய்வறையும். மற்றொன்றில் நான்கு முதல் ஆறு பேர் வரை ஒரு சிறு தொகுப்பாக, தங்களுக்கென ஒரு குளியலறையுடனும் கூடத்துடனும் இருந்தார்கள். ஆளுக்குக் கிடைத்த பரப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தாழ்வார விடுதியினர் நெரிசலை மிகுதியாக உணர்ந்தார்கள். அண்டை அறைக்காரர்களைத் தவிர்க்கப் பழகினார்கள். விடுதிக்கு வெளியே, ஆய்வுக்கூடத்தில் அந்நியருடன் உட்கார வைத்தபோதும் விலகியே அமர்ந்தார்கள். விரும்பாத சந்திப்புகளைத் தினமும் சமாளிக்க வேண்டிய நிலைதான் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பல் துலக்கப் போகும் வழியில் முப்பது முகங்களைக் கடக்க வேண்டியவன், அவற்றில் ஒன்றையும் முழுதாக அறிவதில்லை.

இதே ஆய்வின் தொடர்ச்சியாக 1980-இல் பாமும் டேவிஸும் வெளியிட்ட சோதனை, கட்டடக் குழுவினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஏறக்குறைய 40 பேர் தங்கிய ஒரு நீண்ட தாழ்வாரத்தின் நடுவில் மூன்று அறைகளைப் பொது அறையாக மாற்றி, கதவு வைத்து, தாழ்வாரத்தை இருபது இருபது பேராகப் பிரித்தார்கள். மாற்றம் அவ்வளவுதான். பிரிக்கப்பட்ட தாழ்வாரத்தில் இருந்தவர்கள், பிரிக்கப்படாத தாழ்வாரத்தில் இருந்தவர்களைவிட நெரிசலைக் குறைவாகவே உணர்ந்தார்கள். ஒருவரோடொருவர் பழகவும் தயங்கவில்லை. பழைய விடுதிகளை வைத்திருக்கும் நம் கல்லூரிகளுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: மூன்று அறைகளை இழக்க மனம் இருந்தால், இடிக்காமலே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கலாம்.

இன்னும் முன்னால் போனால், 1950-இல் வெளிவந்த ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் மூவரின் ஆய்வு, அமெரிக்காவின் எம்.ஐ.டி தொழில்நுட்பக் கழகத்தில் திருமணமான மாணவர்களுக்கான வெஸ்ட்கேட் குடியிருப்பில் நட்பு எப்படி உருவாகிறது என்று பார்த்தது. ஒரே தளத்தில் அடுத்த வீட்டுக்காரர்களில் 41 விழுக்காட்டினர் நெருங்கிய நண்பர்களாகக் குறிப்பிடப்பட்டார்கள். இரண்டு வீடு தள்ளியிருந்தவர்களில் அது 22 விழுக்காடாகக் குறைந்தது. தாழ்வாரத்தின் மறுகோடியில் 10 விழுக்காடு. கதவு எங்கே இருக்கிறது, படிக்கட்டு எங்கே முடிகிறது என்பதைக் கட்டடக்கலைஞர் வரையும்போது, இன்னாருக்கு இன்னார் நண்பராவார் என்பதையும் பாதி வரைந்துவிடுகிறார்.

அப்படியானால் ஒரு குழுவில் எத்தனை பேர்? கோபன்ஹேகனில் 2006-இல் முடிந்த டீட்கன் மாணவர் விடுதி பன்னிரண்டு என்று விடை சொன்னது. லுண்ட்கோர்ட் – ட்ரான்பெர்க் நிறுவனம் வடிவமைத்த அந்த வட்டக் கட்டடத்துக்குத் தென்சீனத்தின் ஹக்கா மக்கள் கட்டிய துலோ எனும் வட்ட மண் வீடுகள் தூண்டுதல். ஏழு தளங்களில் தரைத்தளம் முழுவதும் பொதுப் பயன்பாட்டுக்கு. மேல் ஆறு தளங்களில் ஐந்து பகுதிகளாக, பகுதிக்கு 12 அறைகள். ஆக 360 அறைகள். பன்னிரண்டு பேருக்கு ஒரு சமையலறை, அது முற்றத்தைப் பார்த்து நீண்டிருக்கிறது. அறைகளோ வெளிப்புறம் பார்க்கின்றன. தனியாக இருக்க விரும்பினால் ஊரைப் பார்க்கலாம். கூட்டம் வேண்டுமானால் முற்றத்தைப் பார்க்கலாம். ஒரே கட்டடத்தில் இரண்டு மனநிலைக்கும் இடம் வைத்த அந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் நாட்டில் இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் வேறொரு விடை கண்டார். அவருடைய மாணவர் விடுதிகளில் நீண்ட தாழ்வாரமே இல்லை. பத்து அறைகள் ஒரு படிக்கட்டையும் ஒரு தேநீர்க் கூடத்தையும் சுற்றி அமைந்தன. செங்கல் சிதைவைக் காரணம் காட்டி, அந்தப் பதினெட்டு விடுதிகளில் பதினான்கை இடிக்கப் போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது, உலகெங்கும் எதிர்ப்பு எழுந்து சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்கள் பெரும்பாலும் அந்தச் செங்கல் வளைவுகளின் அழகைப் பேசினார்கள். பத்துப் பேருக்கு ஒரு தேநீர்க் கூடம் என்ற எண்ணம், அந்தச் செங்கல்லைவிட நமக்குப் பயன்படக்கூடியது.

குழு அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் திட்டமிடப்பட்ட மங்கர் விடுதி எடுத்துக்காட்டு. அமெரிக்க முதலீட்டாளர் சார்லி மங்கர் 20 கோடி டாலர் தர முன்வந்து, கூடவே வடிவமைப்பையும் தானே முன்வைத்தார்: பதினொரு தளங்கள், ஏறக்குறைய 4,500 மாணவர்கள், எட்டுத் தனி அறைகளுக்கு ஒரு பொதுக் கூடம். எட்டுப் பேர் என்ற குழு அளவு நல்லதுதான். ஆனால் அறைகளில் 94 விழுக்காட்டுக்கு வெளிச்சுவரே இல்லை. சன்னலுக்குப் பதில் செயற்கை ஒளி. 2021-இல் வடிவமைப்பு மறுஆய்வுக் குழுவிலிருந்த கட்டடக்கலைஞர் டென்னிஸ் மெக்ஃபாடன் பதவி விலகியதும் விவாதம் வெடித்தது. 2023-இல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கட்டடம் தடித்துக்கொண்டே போனால் நடுவில் இருப்பவருக்குக் காற்றும் வெளிச்சமும் போய்விடும் என்ற பழைய உண்மை, பெரும் பணத்தின் முன்னாலும் மாறவில்லை.

இந்த வெளிச்சத்தில் நம் இரண்டு வழிகளையும் பார்ப்போம். அடுக்கு விடுதியில் தரைத்தளம் உணவுக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் போனால், மீதி ஒன்பது தளங்களில் தளத்துக்கு 67 பேர் ஒரே தாழ்வாரத்தில் இருப்பார்கள். குளியலறைகள் இரு கோடிகளிலும் மொத்தமாக அமையும். முற்ற விடுதியில் ஆறு இருவர் அறைகளைச் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு குழு என்று பிரித்தால், 600 பேருக்கு ஐம்பது குழுக்கள்: மேல் நான்கு தளங்களில் தளத்துக்குப் பதினொன்று, தரைத்தளத்தில் ஆறு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு கழிப்பறை, இரண்டு குளியலறை, துணி காயப்போடக் கொடி கட்டிய ஒரு மூலை, தாழ்வாரம் சற்று அகன்று நாலைந்து பேர் உட்காரக்கூடிய ஒரு திண்ணை. அந்தத் திண்ணை மிக முக்கியம். வரைபடத்தில் பரப்பைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை என்பதை 67 பேர் கொண்ட தாழ்வாரத்தில் யாரும் கவனிக்க வாய்ப்பில்லை. பன்னிரண்டு பேர் கூடும் திண்ணையில் யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்டுவார்.

இனிக் காற்று. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். வடக்குச் சுவரில் விழும் வெயிலை ஒரு சிறிய சன்ஷேடு தடுத்துவிடும், தெற்கில் தாழ்வாரமே நிழல் தரும். மேற்குச் சுவரை மட்டும் எந்த நீட்சியாலும் காப்பாற்ற முடியாது. மாலை மூன்று மணி வெயில் சாய்வாக நேரே உள்ளே வந்து, சுவரைச் சுட்டு, இரவு பதினொரு மணிவரை அந்தச் சூட்டை அறைக்குள் விடும். கோடையில் இந்த ஊரைக் காப்பாற்றுவது பிற்பகலில் கடலிலிருந்து வரும் தென்கிழக்குக் காற்று. அது தாமதமாகும் நாட்களில்தான் வெப்பம் 40 பாகையைத் தாண்டுகிறது. அது வந்த பிறகும், அறையின் ஒரு பக்கம் மட்டும் சன்னலும் மறுபக்கம் மூடிய தாழ்வாரமும் இருந்தால், காற்று சன்னல் வரை வந்து நின்றுவிடும்.

நடுத் தாழ்வாரம் கொண்ட அடுக்கு விடுதியின் தீராத குறை இது. 4.5 மீட்டர் ஆழமுள்ள அறைகள் இரு பக்கமும் இருக்க, நடுவில் 2 மீட்டர் தாழ்வாரம் என்றால், தளத்தின் குறுக்களவில் 18 விழுக்காடு மட்டுமே நடைபாதைக்குப் போகிறது, சிக்கனமான அமைப்பு. ஒரு பக்க அறைகளோடு 1.8 மீட்டர் திறந்த தாழ்வாரம் வைத்தால் அது ஏறக்குறைய 29 விழுக்காடு. இந்தப் பதினோரு விழுக்காட்டை வீண் என்று கணக்காளர் குறித்துவைப்பார். ஆனால் திறந்த தாழ்வாரத்துக்கு விளக்கு பகலில் தேவையில்லை, புகை தங்காது, அறையின் இரு பக்கமும் திறப்பு கிடைக்கும். மின்விசிறியோடு மே மாதத்தையும் ஓட்டிவிடலாம். நடுத் தாழ்வார அறையில் மூன்றாம் ஆண்டிலேயே குளிர்சாதனம் கேட்டு மனு வரும். 300 அறைகளுக்குக் குளிர்சாதனம் பொருத்தி, மின்மாற்றியைப் பெரிதாக்கி, மாதந்தோறும் மின்கட்டணம் கட்டும் செலவை அந்தப் பதினோரு விழுக்காட்டோடு வைத்துப் பார்த்த பிறகே எது சிக்கனம் என்று சொல்ல வேண்டும்.

தண்ணீரை அடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு நின்ற ஊர் இது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி விடுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 600 பேருக்கு 81,000 லிட்டர், அதாவது 9,000 லிட்டர் லாரி ஒன்பது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை; அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் 1,920 சதுர மீட்டர் கூரையில் 21 லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும், விடுதியின் 26 நாள் தேவை. பத்துத் தள விடுதியின் 960 சதுர மீட்டர் கூரையில் அதில் பாதிதான். இருபத்தாறு நாள் பெரிய எண்ணாகத் தோன்றாது. கோடையின் கடைசி வாரங்களில் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

வெள்ளமும் புயலும் இதே கணக்கின் மறுபக்கம். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் என்று எட்டே ஆண்டுகளில் மூன்று முறை இந்த நகரத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. மின்சாரம் நின்றால் பத்தாம் தளத்துக்கு லிஃப்டும் இல்லை, ஏற்றிய தண்ணீர் தீர்ந்த பிறகு தண்ணீரும் இல்லை. ஜெனரேட்டரும் மோட்டாரும் அடித்தளத்தில் இருந்தால் அவையும் மூழ்கும். ஐந்தாம் தளத்துக்குக் குடத்தில் தண்ணீர் எடுத்துச் செல்வது கடினம்தான், ஆனாலும் இயலக்கூடியது. எந்த வழியைத் தேர்ந்தாலும் தரைமட்டத்தை ஒரு மீட்டராவது உயர்த்தி, மின்பலகைகளைத் தரைக்கு மேலே வைப்பதை முன்நிபந்தனையாக எழுத வேண்டும்.

லிஃப்ட் பற்றி ஒரு சிறு கணக்கு போதும். காலை எட்டிலிருந்து எட்டரைக்குள் 400 பேர் வகுப்புக்கு இறங்குகிறார்கள் என்று கொள்வோம். 13 பேர் ஏறும் லிஃப்ட் ஒன்று மேலே போய், தளங்களில் நின்று, இறங்கித் திரும்ப இரண்டரை நிமிடம் ஆனால், அரை மணியில் 12 முறை. இரண்டு லிஃப்ட் 312 பேரை இறக்கும். மூன்றாவது இல்லாமல் முடியாது. மூன்றில் ஒன்று பழுதுபார்ப்பில் நிற்பது எந்தக் கட்டடத்திலும் வழக்கம். இருபது வயதுக்காரர்கள் படியில் இறங்கிவிடுவார்கள் என்று சொல்வது நான்காம் தளத்துக்குப் பொருந்தும்; ஒன்பதாம் தளத்தில் புத்தகத்தை மறந்தவன் திரும்பி ஏற மாட்டான்.

முற்ற விடுதியின் குறைகளை மறைத்துவிட்டு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. முற்றம் ஒலியைச் சேர்த்துவைக்கும். தேர்வு வாரத்தில் ஓர் அறையில் பாட்டுப் போட்டால் நாற்பது அறைக்குக் கேட்கும். நான் தங்கிப் படித்த விடுதி இப்படிப்பட்ட முற்றத்தைச் சுற்றியதுதான். கிரிக்கெட் இறுதிப் போட்டி இரவுகளில் அங்கே யாரும் உறங்கியதில்லை. கற்களால் முற்றத்தை மூடாமல் மண்ணும் மரமும் வைத்தால் ஒலி கொஞ்சம் அடங்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் கொசு பெருகி டெங்கு வரும். வடிகால் சரிவைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சன்னலுக்கு வலை அடித்தால் காற்று குறையும் என்பதால், சன்னலின் அகலத்தை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைச் சாரல் திறந்த தாழ்வாரத்தை நனைக்கும். வெளிச்சுவரின் நீளம் அதிகம், ஆகவே வெள்ளையடிப்பதும் விரிசல் பார்ப்பதும் அதிகம். படிக்கட்டுகள் நான்கைந்து இருப்பதால் இரவுக் காவலுக்கு ஆள் கூடுதலாக வேண்டும். நான்கு பக்கமும் சுற்றிக் கட்டுவதால் மேற்கு பார்த்த ஒரு பக்கம் தவிர்க்க முடியாதது. அந்தப் பக்கத்தில் படிக்கட்டு, குளியலறை, துணி காயும் இடம், பெட்டி வைக்கும் அறை ஆகியவற்றை வைத்து, உறங்கும் அறைகளை வடக்கு, தெற்குச் சிறகுகளுக்கு நகர்த்த வேண்டும். இதைச் செய்யாத முற்ற விடுதி, நல்ல அடுக்கு விடுதியைவிட மோசமாக இருக்கும்.

பெண்கள் விடுதியில் முற்றத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வெளியே போகாமலே வானத்தின் கீழ் நடக்க, உட்கார, பேச அங்கே இடம் கிடைக்கிறது. ஆனால் அந்த வசதியே, கதவை எட்டு மணிக்குப் பூட்டுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது. பூட்டிவைப்பதை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்ட கட்டடம், விதிகள் மாறிய பிறகும் பூட்டிவைத்துக்கொண்டே இருக்கும்.

பகடிவதை பற்றிய அக்கறையும் வரைபடத்தில் தெரிய வேண்டும். தமிழ்நாடு 1997-இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறைகள், முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனிப் பகுதியில் தங்கவைக்கச் சொல்கின்றன. இரண்டு முற்றங்களில் ஒன்றை முதலாண்டுக்கு ஒதுக்கித் தனி வாசல் வைத்துவிட்டால் இது எளிதில் நிறைவேறும். அடுக்கு விடுதியில் லிஃப்டுகளும் படிக்கட்டுகளும் எல்லோருக்கும் பொது. தளம் தனியானாலும் வழி தனியாவதில்லை.

ஐந்து தளத்துக்கும் குறைந்தது இரண்டு லிஃப்ட் வேண்டும். எல்லோரும் அணுகக்கூடியதாகக் கட்டுவது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி கடமை. காலொடிந்து ஒரு மாதம் கட்டுப்போட்டிருக்கும் மாணவருக்கும் தேவை. சக்கர நாற்காலி பயன்படுத்துபவருக்கு ஏற்ற அறைகளைத் தரைத்தளத்தில் ஒரே வரிசையாக ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு குழுவிலாவது அகன்ற கதவும் கைப்பிடி வைத்த குளியலறையும் இருந்தால், அவர் தன் வகுப்புத் தோழர்களோடு தங்க முடியும்.

எனவே இந்த ஒன்றரை ஏக்கருக்கு, பன்னிரண்டு பேர் குழுக்களோடு கூடிய ஐந்து தள முற்ற விடுதியையே நான் பரிந்துரைப்பேன். நிலம் முக்கால் ஏக்கராகச் சுருங்கினால் என் விடை மாறும். சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா கல்லூரி மாணவர் விடுதிக்கு அரசு 2025-இல் திறந்த புதிய கட்டடம் பத்துத் தளங்கள் கொண்டது. நெருக்கமான நகரப் பகுதியில் ஏறக்குறைய ஐந்நூறு மாணவர்களுக்கு இடம் தர வேண்டுமென்றால் மேலே போவதைத் தவிர வழி குறைவு, அந்த மாணவர்களுக்கு நகரத்தின் நடுவில் இடம் கிடைப்பதே பெரிது. அப்படி உயரத்தைத் தேர்ந்தாலும், தளத்துக்கு 67 பேர் என்ற தாழ்வாரத்தை ஏற்க வேண்டியதில்லை. நடுவில் லிஃப்டையும் படிக்கட்டையும் வைத்து, தளத்தை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுக்களுக்கு இடையில் காற்று ஊடுருவும் திறந்த இடைவெளி விட்டு, மேற்கில் குளியலறைகளை வைத்துக் கட்டலாம். அவ்வாறு செய்தால் தளத்துக்கு 60 பேர்தான் தங்க முடியும். ஒன்பது தளங்களில் 540. மீதி 60 பேருக்கு இன்னொரு தளம் கூடக் கட்டுவதா, அவர்களைக் குத்தகைக் கட்டடத்தில் தங்கவைப்பதா என்பதை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். பிறகு விட்டால், அந்த 60 பேரும் மூன்றாவது கட்டிலாக இருவர் அறைகளுக்குள் வந்து சேர்வார்கள்.